வகுப்புக்கு வாய்தா கேட்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொழில் நடத்தும் வழக்கறிஞர்களைச் சட்டக் கல்லூரிகளில் பாடம் எடுக்க அனுமதிப்பது மாணவர்களுக்கு இழைக்கும் அநீதி என்று, சட்டம் படிக்கும் மாணவர் ஒருவரின் தந்தை எழுதிய கடிதத்தை அண்மையில் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் படித்தேன். 'ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்' என்று அவர் எழுதியிருந்தது என்னைப் போன்றவர்களைப் பற்றித்தான். நாகர்கோவிலில் 20 ஆண்டுகளுக்கும் மேலாக வணிக வழக்குகளை நடத்தி வருகிறேன். கடந்த 9 ஆண்டுகளாக, ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து, ஒரு சட்டக் கல்லூரியில் வாரம் 2 நாள், பிற்பகல் 3 மணி முதல் 5 மணி வரை பாடமும் நடத்துகிறேன். எனவே பதில் எழுத வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. அவருடைய கோபத்தில் பாதி நியாயமானது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு அவர் கேட்கும் பரிகாரம், அதாவது எங்களை வகுப்பறைப் பக்கமே வரவிடக் கூடாது என்பது, அவர் மகனுக்கே நட்டமாக முடியும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு மேலே போவது எங்கள் தொழில் வழக்கம். வழக்கறிஞராகத் தொழில் நடத்துபவர் முழுநேரச் சம்பள ஊழியராக இருக்கக் கூடாது என்கிறது இந்திய பார் கவுன்சிலின் 49ஆவது விதி. கற்பித்தலைப் பொறுத்தவரை இதற்கு விலக்கு உண்டு. 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டத்தின் கீழ் மத்திய அரசு 1979இல் வகுத்த தனி விதிகளின்படி, பல்கலைக்கழகத்துடன் இணைந்த கல்வி நிறுவனத்தில் நாளொன்றுக்கு 3 மணி நேரத்துக்கு மிகாமல் ஒரு வழக்கறிஞர் சட்டம் கற்பிக்கலாம். அதற்கு எந்தப் பதவிப் பெயரைச் சூட்டினாலும், எவ்வளவு ஊதியம் கொடுத்தாலும், அது பகுதி நேர வேலையாகவே கொள்ளப்படும். அன்பர் இதைச் 'சலுகை' என்று எழுதியிருந்தார். அந்த விதிகளின் தலைப்பிலேயே இருக்கும் சொல் 'உரிமை'. ஆனால் உரிமை என்று சொல்லிக்கொண்டு வகுப்புக்குப் போகாமல் இருப்பவரை அந்த விதி எங்கும் காப்பாற்றவில்லை. 3 மணி நேரம் என்பது நாங்கள் தாண்டக் கூடாத எல்லைதான். ஒப்புக்கொண்ட 2 மணி நேரத்தைக் கொடுக்காமல் இருப்பதற்கு அதில் இடமில்லை.

கொடுக்கத் தவறிய கதையையும் நானே சொல்லிவிடுகிறேன். பாடம் நடத்தத் தொடங்கிய மூன்றாம் ஆண்டு, நாகர்கோவிலில் ஒரு கட்டுமான ஒப்பந்த வழக்கில் எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தேன். பகல் 1 மணிக்குள் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். சாட்சி அளவுப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டி நிதானமாகப் பதில் சொல்லும் ஆளாக வாய்த்துவிட்டார். மதிய உணவுக்குப் பிறகும் அதே கூண்டு, அதே புத்தகம். கல்லூரிக்குச் சொல்லியனுப்பக்கூட நேரமில்லாமல் மணி 4 ஆகிவிட்டது. அறுபது பிள்ளைகள் காத்திருந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அடுத்த வகுப்பில் நான் நுழைந்ததும், இரணியல் பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருவர் எழுந்து, மிகப் பணிவான குரலில், "சாரே, அன்னைக்கு எங்களுக்கு வாய்தா போட்டுட்டீங்களா?" என்று கேட்டார். வகுப்பு முழுவதும் சிரித்தது, நானும் சிரித்தேன். திரும்பும் வழியில் முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டு பேருந்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தக் கேள்வி உறைத்தது. எதிர்த்தரப்பு முன்னறிவிப்பில்லாமல் வாய்தா கேட்டால் செலவுத்தொகை போடச் சொல்லி எழுந்து நிற்கும் நான், அறுபது பேருக்கு எந்தச் செலவுத்தொகையும் கொடுக்காமல் தப்பியிருந்தேன்.

அன்றிலிருந்து வகுப்பு நாட்களில் சாட்சி விசாரணைக்கு நாள் வாங்குவதில்லை. காலையில் அன்றைய வழக்குகளை நீதிமன்றம் வரிசையாகக் கூப்பிடும் அழைப்புப் பணி முடிந்ததும் வழக்குக் கட்டுகளை ஜூனியரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். அதையும் மீறித் தவறும் வகுப்புகள் உண்டு. தந்தையாரின் கோபம் இந்த இடத்தில் முற்றிலும் சரி. பருவத்துக்கு 40 வகுப்பு என்று ஒப்புக்கொண்டு 15 வகுப்பு நடத்துபவர், எவ்வளவு பெரிய சீனியராக இருந்தாலும், தமக்கு நீதிமன்றத்தில் பெயர் இருக்கிறது என்பதைக் கல்லூரிக்கு வாடகைக்கு விடுகிறார், அவ்வளவுதான். அப்படிப்பட்டவர்களின் பெயரை விளம்பரத் தாளில் அச்சிட்டு மாணவர் சேர்க்கை நடத்தும் நிர்வாகங்களையும் சேர்த்தே குறை சொல்ல வேண்டும்.

இனி, ஏன் வணிகச் சட்டத்துக்குத் தொழில் நடத்தும் ஒருவர் வகுப்பறையில் இருந்தாக வேண்டும் என்பதைச் சொல்கிறேன். வணிக நீதிமன்றங்கள் சட்டம் 2015இல் வந்தபோது, 1 கோடி ரூபாய்க்குக் குறையாத தாவாக்களுக்குத்தான் அது பொருந்தியது. எங்கள் மாவட்டத்து வழக்கறிஞர்களில் பலர் அதைச் சென்னைக்கும் மும்பைக்கும் உரிய சட்டம் என்று ஒதுக்கிவைத்தார்கள். 2018இல் அந்த வரம்பு 3 லட்சம் ரூபாயாகக் குறைக்கப்பட்டது. அந்த ஒரு திருத்தத்தால் குலசேகரத்து ரப்பர் ஷீட் வியாபாரியும், தோவாளைப் பூச்சந்தைக் கமிஷன் கடைக்காரரும், குளச்சலில் மீன் ஏற்றுமதி செய்பவரும், மார்த்தாண்டத்தில் கிட்டங்கியை வாடகைக்கு விட்டவரும் ஒரே இரவில் அந்தச் சட்டத்தின் எல்லைக்குள் வந்துவிட்டார்கள். 'வணிகத் தாவா' என்பதன் வரையறை பாடநூலில் இருக்கிறது. மாணவர்கள் அதை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். ஒரு தாளைக் கையில் கொடுத்து, இது அந்த வரையறைக்குள் வருமா என்று கேட்டால்தான் பேச்சு நின்றுபோகிறது.

அப்படி நான் கொடுக்கும் தாள்களில் ஒரு கட்டு உண்டு. முடிந்துபோன வழக்கு, கட்சிக்காரரின் எழுத்துப்பூர்வமான சம்மதத்தோடு, பெயர், ஊர், தொலைபேசி எண் எல்லாவற்றையும் மை பூசி மறைத்த நகல்கள். மலையோரத்தில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் அண்ணன் தம்பி இருவர். வெளிமாநில டயர் ரீட்ரெடிங் ஆலை ஒன்றுக்குச் சரக்கு அனுப்பியதில் 11 லட்சம் ரூபாய் நிலுவை. கட்டில் இருப்பவை: பென்சிலில் எழுதிய எடைச் சீட்டுகள் 14, அதில் மூன்றில் மழை நனைந்து எண் கலைந்திருக்கிறது; 'அன்ட் சன்ஸ்' என்று தலைப்பிட்ட பில் புத்தகத்தின் கார்பன் நகல்; லாரி வாடகை ரசீதுகள்; வங்கிக் கணக்கில் ஒரு தடவை வந்த 50,000 ரூபாய்; பிறகு, "அடுத்த வாரம் போட்டுடுறேன் அண்ணாச்சி, மார்க்கெட் கொஞ்சம் டல்" என்ற வாட்ஸ்அப் குரல் பதிவின் எழுத்து வடிவம். இதைக் கொடுத்துவிட்டு நான் கேட்பது ஒரே கேள்வி: வாதியின் பெயர் என்ன?

பெரும்பாலான வகுப்புகளில் அரை மணி நேரம் ஆகிவிடும். ஒப்பந்தம் இருக்கிறதா, ஏற்பு எப்போது நிகழ்ந்தது, சரக்கின் உடைமை எங்கே கைமாறியது என்று ஒப்பந்தச் சட்டத்தையும் 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தையும் பிள்ளைகள் நன்றாகவே அலசுவார்கள். 'அன்ட் சன்ஸ்' என்பது கூட்டாண்மையா, பதிவு செய்யப்பட்டதா என்று கடைசியில் யாராவது ஒருவர் கேட்பார். பதிவு செய்யாத கூட்டாண்மை நிறுவனம் தன் வியாபார ஒப்பந்தத்தின் பேரில் மூன்றாம் நபர் மீது வழக்குத் தொடுக்க முடியாது என்று 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம் 69ஆவது பிரிவில் சொல்கிறது. வழக்குப் போட்ட பிறகு பதிவு செய்வதும் உதவாது. உண்மையில் அந்த அண்ணன் தம்பி என் அலுவலகத்துக்கு வந்தபோது நிறுவனம் பதிவாகியிருக்கவில்லை. வழக்குத் தொடுப்பதற்கான காலவரையறை முடிய 5 மாதம்தான் இருந்தது. முதலில் நிறுவனத்தைப் பதிவு செய்ய வேண்டும். அடுத்து, வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு மனுப் போட வேண்டும். அந்தச் சமரசத்தில் கழியும் நாட்கள் காலவரையறைக் கணக்கில் சேராது என்பதைக் கவனித்து நாள் குறிக்க வேண்டும். அதற்கும் பிறகுதான் பிராது. மூன்று கடிகாரங்கள் மூன்று விதமாக ஓடுகின்றன. கரும்பலகையில் மூன்று கோடு கிழித்து நாட்களைக் குறிக்கச் சொல்லும்போது பிள்ளைகளின் முகத்தில் தெரியும் கவனம் நான் விரிவுரை ஆற்றும்போது ஒருநாளும் தெரிந்ததில்லை.

அதே கட்டின் இரண்டாம் பாகம் 120 நாள். சாதாரண உரிமையியல் வழக்குகளில் எதிர்வழக்குரை, அதாவது பிரதிவாதியின் எழுத்துப்பூர்வமான பதில், தாக்கல் செய்யத் தாமதமானால் ஏதோ ஒரு காரணம் சொல்லி நீதிமன்றத்தின் கருணையைப் பெறலாம் என்பது எங்கள் நீதிமன்ற வராந்தாக்களில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் நம்பிக்கை. வணிக வழக்கில் சம்மன் கிடைத்த நாளிலிருந்து 120 நாள் தாண்டினால் எதிர்வழக்குரை தாக்கல் செய்யும் உரிமையே போய்விடும்; நீதிமன்றம் நினைத்தாலும் நீட்டிக்க முடியாது. உச்ச நீதிமன்றம் இதை 2019இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ரப்பர் வழக்கில் ஆலைத் தரப்பு 131ஆவது நாளில் எதிர்வழக்குரையோடு வந்தது. அந்தப் பதினோரு நாளில் வழக்கு முடிந்தது என்றே சொல்லலாம். இதைச் சொல்லும்போது, எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் இடத்தில் நானும் இருந்திருக்கக் கூடும் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். வாய்தா பழகிய கைக்கு வணிக நீதிமன்றம் கடினமான இடம்.

வாட்ஸ்அப் குரல் பதிவைப் பற்றியும் ஒரு சொல். பாரதிய சாட்சிய சட்டம் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தபின், மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் கொடுக்க 63ஆவது பிரிவின் கீழான சான்றிதழில் இரண்டு பகுதிகள் வேண்டும். ஒன்றைக் கருவியை வைத்திருப்பவரும் மற்றதை நிபுணரும் நிரப்ப வேண்டும். பதிவு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் எண்ணெழுத்துக் கோவையான ஹாஷ் மதிப்பையும் குறிக்க வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65-பி பிரிவை வைத்து எழுதிய குறிப்புகளைக் கொண்டு இதைக் கற்பிக்க முடியாது. படிவத்தை ஒரு தடவையாவது நிரப்பி, நீதிமன்ற அலுவலகம் குறை சொல்லித் திருப்பிக் கொடுக்கும் 'ரிட்டர்ன்' வாங்கி, மறுபடி நிரப்பியவருக்குத்தான் எந்தக் கட்டத்தில் சிக்கல் என்று தெரியும். அந்த ரிட்டர்ன் குறிப்பையே நான் வகுப்பில் காட்டுகிறேன்.

குமரி மாவட்டத்துக்கே உரிய இன்னொன்றும் இருக்கிறது. கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களில் வணிகப் பயன்பாட்டுக்கான ஒரு கிட்டங்கியையோ கடை வளாகத்தையோ பற்றிய வழக்கு வந்தால், தாய்ப் பத்திரம், குமரிப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு இணைந்த 1956 நவம்பர் 1க்கு முந்தையது என்றால் அது மலையாள எழுத்தில், கொல்லம் ஆண்டில் எழுதப்பட்டிருக்கப் பெரிதும் வாய்ப்புண்டு. 1120 என்று பார்த்தவுடன் 825ஐக் கூட்டி 1945 என்று எழுதிவிட்டு, கொல்லம் ஆண்டு சிங்க மாதத்தில், நம் ஆவணியில், பிறக்கிறது என்பதை மறந்துவிட்டால், ஆகஸ்டுக்கும் டிசம்பருக்கும் இடையிலான ஒரு தேதி ஓராண்டு தள்ளிப் போய்விடும். நான் அப்படித் தவறி, மூத்த குமாஸ்தா ஒருவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன். அந்த இணைப்புக்காகப் போராடிய மார்ஷல் நேசமணி வழக்கறிஞராக இருந்த ஊரில் தொழில் நடத்தும் எங்களுக்கு அவர் காலத்துப் பத்திரங்கள் இன்னும் பழங்கதை ஆகிவிடவில்லை. தினமும் கையில் புரள்கின்றன. இதுவும் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை, இருக்கவும் முடியாது.

இதுவரை எழுதியதைப் படித்தால், நீதிமன்றத்திலிருந்து வகுப்பறைக்கு மட்டும்தான் சரக்குப் போகிறது என்று தோன்றலாம். எதிர்த்திசையிலும் போகிறது, அதைப் பற்றி எங்கள் தொழிலில் யாரும் பேசுவதில்லை. வணிக வழக்கு தொடுக்குமுன் சமரசத்துக்குப் போக வேண்டும் என்கிறது வணிக நீதிமன்றங்கள் சட்டத்தின் 12-ஏ பிரிவு. அவசர இடைக்கால நிவாரணம் கோரும் வழக்குகளுக்கு விலக்கு. 2021இல், இந்தப் பிரிவு கட்டாயமா இல்லையா என்று உயர் நீதிமன்றங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்த காலத்தில், பிராதுவோடு ஒரு தடையாணை மனுவையும் சேர்த்துவிட்டால் சமரசத்தைத் தாண்டிவிடலாம் என்பதை ஒரு 'உத்தி' என்று வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு பிராதுவை அந்த மாதம்தான் தாக்கல் செய்திருந்தேன். கடைசி பெஞ்சில் இருந்த, கடற்கரை ஊரைச் சேர்ந்த மாணவர் ஒருவர் கேட்டார்: "சாரே, வணிக வழக்குல உண்மை உறுதிமொழியும் சேர்த்துத் தாக்கல் பண்ணணும்னு போன வாரம் சொன்னீங்க. அவசரமே இல்லாத இடத்துல அவசரம்னு எழுதிட்டு, அதுக்குக் கீழ அந்த உறுதிமொழியில எப்படிக் கையெழுத்துப் போடுறது?"

அதற்கு நான் உருப்படியாகப் பதில் சொல்லவில்லை. மணி ஆகிவிட்டது என்று பாடத்தை மாற்றினேன். 2022 ஆகஸ்டில், பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில், 12-ஏ கட்டாயம் என்றும், அதை மீறித் தாக்கலாகும் பிராது நிராகரிக்கப்பட வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த ஆகஸ்ட் 20 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 2023 அக்டோபரில், யாமினி மனோகர் வழக்கில், அவசர நிவாரணம் என்று எழுதிவிட்டால் மட்டும் போதாது, அது சமரசத்தைத் தவிர்க்கப் போட்ட வேடமா என்று நீதிமன்றம் பார்க்கலாம் என்றும் சொல்லிவிட்டது. கடைசி பெஞ்சு மாணவர் கேட்டதைத்தான் உச்ச நீதிமன்றம் 2 ஆண்டு கழித்துக் கேட்டது. அவர் கேட்ட நாளிலிருந்தே என் அலுவலகத்தில் அந்த உத்தியை விட்டுவிட்டோம் என்பதால், 2022க்குப் பிறகு பலர் பிராது நிராகரிப்பு மனுக்களைச் சந்தித்தபோது எங்களுக்கு அந்தத் தொல்லை வரவில்லை. வகுப்பறையில் இல்லாமல் பார் அசோசியேஷன் அறையில் மட்டுமே உட்கார்ந்திருந்தால், இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அங்கே எல்லோரும் அதே உத்தியைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

முழுநேரப் பேராசிரியர்களின் இடத்தை நாங்கள் நிரப்பிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. சட்டக் கோட்பாடு, அரசமைப்புச் சட்டத்தின் வரலாறு, ஒப்பீட்டுச் சட்டம் ஆகியவற்றை நான் கற்பித்தால் பிள்ளைகள் பாவம். எல்.எல்.எம். முடித்து, 'நெட்' தேர்வு எழுதி, ஆண்டுக்கணக்கில் ஒரே துறையை வாசித்துக்கொண்டிருப்பவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. ஒரு தீர்ப்பைப் படிக்கும்போது அது என் கட்சிக்காரருக்கு உதவுமா என்றுதான் என் கண் முதலில் தேடும். அந்தத் தீர்ப்பு சரியா என்று அவர் கண் தேடும். மாணவருக்கு இரண்டு கண்ணும் வேண்டும். எங்கள் கல்லூரியில் ஒப்பந்தச் சட்டம் நடத்தும் முழுநேர ஆசிரியை ஒருவரும் நானும் ஒரு பருவத்தில் 4 வகுப்புகளை ஒன்றாக எடுத்தோம். அந்த ரப்பர் கட்டை வைத்து நான் பேசிய இடங்களில் இரண்டு தடவை அவர் குறுக்கிட்டு என்னைத் திருத்தினார். மாணவர்கள் அதை மிகவும் ரசித்தார்கள். எனக்கும் அது நல்லது என்று வீட்டில் சொன்னார்கள்.

தந்தையார் எழுதாத ஒரு குறையையும் நான் எழுத வேண்டும். வகுப்பில் பார்த்த கெட்டிக்கார மாணவரை, பயிற்சி என்ற பெயரில், சம்பளமில்லாத குமாஸ்தாவாக மாற்றிவிடும் வழக்கம் எங்களில் சிலரிடம் இருக்கிறது. ஐந்தாண்டுப் படிப்பில் 20 வாரமும், மூன்றாண்டுப் படிப்பில் 12 வாரமும் குறைந்தபட்சம் பயிற்சி பெற வேண்டும் என்கின்றன பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகள். அந்த வாரங்களில் நகல் எடுப்பதும், கட்டுத் தூக்குவதும், டீ வாங்கி வருவதும் மட்டுமே நடந்தால் அதைப் பயிற்சி நாட்குறிப்பில் என்னவென்று எழுதுவது? என் வகுப்பு மாணவர் யாரையும் படிப்பு முடியும்வரை என் அலுவலகத்தில் சேர்ப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். அதேபோல, மாணவரின் குடும்பத்து வழக்குகளையும் எடுப்பதில்லை. ரப்பர் தோட்டமும் வாழைத் தோட்டமும் வைத்திருக்கும் பெற்றோர் நிறைந்த வகுப்பில் இந்த இரண்டாவது கட்டுப்பாட்டால் எனக்கு வருமானம் குறைவுதான். ஆனால் மேடையில் நின்று பாடம் நடத்துபவர் மறைமுகமாகக் கட்சிக்காரர் பிடிக்கிறார் என்ற பேச்சு வந்துவிட்டால், தொழில் ஒழுக்கம் என்ற பாடத்தை அந்தக் கல்லூரியில் யார் நடத்தினாலும் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

அதே விதிகள், நீதிமன்றத்தில் ஓர் உரிமையியல் வழக்கையும் ஒரு குற்றவியல் வழக்கையும் விசாரணையில் நேரில் கவனித்து எழுத வேண்டும் என்று சொல்லி, அதற்கு 30 மதிப்பெண் ஒதுக்குகின்றன. நடைமுறையில், பல மாணவர்கள் ஏதோ ஒரு நாள் வந்து பின்வரிசையில் உட்கார்ந்து, 'வாதி தரப்பு சாட்சி விசாரிக்கப்பட்டார்' என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். கல்லூரி திருநெல்வேலியிலோ திருவனந்தபுரத்திலோ இருந்தாலும், குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் விடுமுறைக்கு வீட்டுக்குத்தான் வருகிறார்கள். நாகர்கோவில், பத்மநாபபுரம், குழித்துறை நீதிமன்றங்கள் அவர்களுக்குப் பேருந்து தூரம். ஒரு வணிக வழக்கை, பிராது தாக்கலாகும் நாள் தொடங்கி, வழக்கு மேலாண்மை அமர்வில் நீதிபதி நாட்களைக் குறிக்கும் கட்டம்வரை, ஒரே மாணவர் தொடர்ந்து பின்பற்றும்படி கல்லூரிகளும் வழக்கறிஞர் சங்கங்களும் பேசி ஏற்பாடு செய்தால் அந்த 30 மதிப்பெண்ணுக்குப் பொருள் இருக்கும். நீதிமன்றத்தின் அனுமதியும் கட்சிக்காரரின் சம்மதமும் வேண்டும் என்பது உண்மை. கேட்டுப் பார்த்தால் கிடைக்கிறது என்பது என் அனுபவம்.

இதை இப்போது சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. களியக்காவிளையைத் தாண்டினால் வெகுதூரமில்லை, விழிஞ்சம் துறைமுகம். அது 2025 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கப்பல் சரக்கு, லாரிப் போக்குவரத்து, கிட்டங்கி வாடகை, காப்பீடு என்று எத்தனை தாவாக்கள் நம் பக்கம் வரப்போகின்றன என்று சங்க அறையில் தினமும் பேசுகிறோம். கன்னியாகுமரி மட்டி வாழைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரை வேறு பழத்துக்கு ஒட்டி விற்பவர் மீது தொடுக்கும் வழக்கும் வணிகத் தாவாதான் என்று சொன்னபோது, மட்டிப் பழம் தின்று வளர்ந்த பிள்ளைகளே ஆச்சரியப்பட்டார்கள். இந்த வழக்குகளுக்கான பிராதுகளை இங்கே எழுத ஆள் வேண்டும். இல்லையென்றால், இதுவரை நடந்ததுபோல, மலையோர வியாபாரி தன் எடைச் சீட்டுகளை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு மதுரைக்கும் சென்னைக்கும் பேருந்து ஏறுவார். அல்லது, அதுவும் வேண்டாம் என்று பணத்தை எழுதித் தள்ளிவிடுவார். எழுதித் தள்ளியவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

எனவே, தொழில் நடத்தும் வழக்கறிஞரை வெளியேற்றச் சொல்லும் தந்தையார், அதற்குப் பதிலாகக் கல்லூரியிடம் வேறு சிலவற்றைக் கேட்க வேண்டும் என்று பணிவுடன் சொல்கிறேன். பருவம் தொடங்குமுன், அந்த வழக்கறிஞர் எந்த நாள், எந்த மணி வருவார் என்று எழுத்தில் வாங்கி அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லட்டும். தினம் ஒரு மணி நேரம் என்று சிதறடிக்காமல், 3 மணி நேர வரம்புக்குள் வாரத்தில் இரண்டு நீண்ட அமர்வுகளாக வைக்கச் சொல்லட்டும். ஒரு மணி நேரத்தில் எந்த வழக்குக் கட்டையும் பிரித்துப் பார்த்துவிட முடியாது. மாதச் சம்பளமாகக் கொடுக்காமல், நடத்திய வகுப்புக்கு மட்டும் மதிப்பூதியம் கொடுக்கச் சொல்லட்டும். என்னைப் போன்றவர்கள் இதைக் கேட்டு முணுமுணுப்போம், பரவாயில்லை. தவறிய வகுப்பை இரண்டு வாரத்துக்குள் ஈடுசெய்யாவிட்டால் அடுத்த பருவம் அவரை அழைக்க வேண்டாம். இதையெல்லாம் கேட்ட பிறகும் கல்லூரி மசியவில்லை என்றால், தந்தையாரின் அடுத்த கடிதத்தில் நானும் கையெழுத்துப் போடத் தயார்.

என் கணக்கையும் கொடுத்துவிடுகிறேன். இந்தப் பருவத்தில் இதுவரை நான் நடத்த வேண்டிய வகுப்புகளில் 3 தவறின: ஒன்று மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் ஒரு மேல்முறையீடு, ஒன்று காய்ச்சல், ஒன்று மறுபடியும் ஒரு சாட்சி. இரண்டை ஈடுசெய்துவிட்டேன். மூன்றாவதை வருகிற சனிக்கிழமை காலை 10 மணிக்கு வைத்திருக்கிறேன். 63ஆவது பிரிவின் சான்றிதழை நிரப்பும் பயிற்சி. மாணவர்கள் தங்கள் தொலைபேசியைக் கொண்டுவர வேண்டும் என்று பலகையில் எழுதி ஒட்டியாகிவிட்டது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாசகர்,
வழக்கறிஞர், பகுதி நேரச் சட்ட விரிவுரையாளர்,
நாகர்கோவில்.